ஆயில் குறைகிறது, சொட்டவும் இல்லை, புகையும் இல்லை: எஞ்சினை இறக்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ் விட்டு நான்கைந்து மாதத்தில் டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது. தரையில் சொட்டு இல்லை, புகையும் தெரியவில்லை. மெக்கானிக் "ரிங்க்ஸ் போயிடுச்சு, எஞ்சின் வேலை பார்க்கணும், நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். செய்யலாமா? ஏன் இப்படி ஆகிறது? அடுத்த வண்டிக்கு இது வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

இப்போதைக்கு எஞ்சினில் கை வைக்க விடாதீர்கள். உங்கள் மெக்கானிக் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை, ரிங்காகவும் இருக்கலாம். ஆனால் அவர் எதையாவது அளந்து பார்த்துச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆயில் குறைவதற்கு நான்கைந்து வழிகள் உண்டு, ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், அதில் ஒன்றுதான், சரிசெய்ய அதிகம் செலவாவதும் அதுதான். சில நூறு ரூபாய் வால்வு ஒன்றை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, பிஸ்டனை வெளியே எடுத்து, கடைசியில் ஆயில் முன்பு போலவே குறைந்துகொண்டிருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வேலை, எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிப்பது. "நான்கைந்து மாதத்தில்" என்பது அளவே இல்லை, அந்த நான்கு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஒரு கதை, 8,000 ஓடியிருந்தால் முற்றிலும் வேறு கதை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் வண்டியை நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு உயரத்தில் தெரிந்தால் குறைவான பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் மேல்கோட்டைத் தொடும் வரை ஊற்றிவிட்டு, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். அப்புறம் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே போலக் காலையில் பாருங்கள். கீழ்க்கோட்டை நெருங்கும்போது மறுபடி மேல்கோடு வரை ஊற்றி, எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒரு லிட்டர் கேனின் பக்கவாட்டில் அளவுக்கோடு இருக்கும், அதுவே போதும். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கும், அதனால் "கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது" என்றால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு.

இதில் ஒரு குழப்பம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களின் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எரியாத பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் ஒரு பக்கம் குறைய, பெட்ரோல் ஒரு பக்கம் சேர, டிப்ஸ்டிக் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே மூச்சில் ஓட்டுவீர்கள். அந்தச் சூட்டில் கலந்திருந்த பெட்ரோல் எல்லாம் ஆவியாகி, ஊர் போய்ச் சேர்ந்து பார்த்தால் அரை லிட்டர் காணாமல் போயிருக்கும். அது அந்த ஒரு பயணத்தில் எரிந்ததில்லை. ஆகவே ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வராதீர்கள், குறைந்தது 2,000 கிலோமீட்டர் கணக்கு கையில் இருக்கட்டும்.

சரி, எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? எந்த எஞ்சினும் கொஞ்சம் ஆயில் எரிக்கத்தான் செய்யும், சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் அந்த மெல்லிய படலம் இல்லாவிட்டால் பிஸ்டன் ஓடாது. கம்பெனிகள் இதில் தங்களுக்கு வசதியாகத்தான் வரம்பு வைத்திருக்கின்றன, 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று எழுதியிருக்கும் கையேடுகள் உண்டு. என் கணக்கு வேறு. ஒரு ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்தது வரைக்கும் ஊற்றாமலே ஓடினால் நல்ல எஞ்சின். நடுவில் ஒரு லிட்டர் கேட்டால் வயதாகிறது, கவனிக்கலாம். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் என்றால் அது நோய், கையேடு என்ன சொன்னாலும்.

புகை இல்லாததால் எரியவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 கிலோமீட்டர் போக 1,000 நிமிடம். எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால், நான்கு சிலிண்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 4,000 முறை எரிகின்றன, மொத்தம் 40 லட்சம் முறை. ஒரு லிட்டர் ஆயிலில் ஏறத்தாழ 20,000 சொட்டு. அப்படியென்றால் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிற மோசமான எஞ்சினிலும், ஒவ்வொரு முறை எரியும்போதும் போவது ஒரு சொட்டில் 200-ல் ஒரு பங்குதான். அதையும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வாங்கி எரித்துவிடுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அந்த ஒளிவு கிடையாது, நீலப் புகை உடனே தெருவுக்கே தெரிந்துவிடும். இப்போதைய வண்டியில் புகை கண்ணுக்குத் தெரியும் நிலை வருவதற்குள் நிறைய ஆயில் போய்விட்டிருக்கும்.

அளக்கும்போதே லீக் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தரையில் சொட்டு இல்லை என்பதால் லீக் இல்லை என்று ஆகாது. டேப்பட் கவரின் (எஞ்சின் உச்சியில் உள்ள மூடி) கேஸ்கெட் காய்ந்து, ஆயில் மெல்லக் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுந்தால் அங்கேயே காய்ந்து ஆவியாகிவிடும், கீழே வந்து சேராது. சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகக் கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். இன்னொரு இடம் ஸ்பார்க் ப்ளக் குழி: ப்ளக்கின் மேலிருக்கும் காயிலைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கி நிற்கும், அதுவும் டேப்பட் கவர் கேஸ்கெட்டோடு வரும் வளையங்கள் போனதால்தான். கிராங்க் ஆயில் சீல், சேம்பர் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஓரம், டிரெயின் நட்டின் வாஷர், ஆயில் ஃபில்டர் அடி, இவற்றையெல்லாம் வண்டியை லிஃப்டில் ஏற்றி ஒரு டார்ச்சோடு பார்த்தால் பத்து நிமிட வேலை. கழுவிவிட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பார்த்தால் இன்னும் நல்லது, பழைய அழுக்கு எது புதுக் கசிவு எது என்று பிரித்துத் தெரியும்.

லீக் இல்லை, நிஜமாகவே எரிகிறது என்று உறுதியானால், அடுத்துக் கேட்க வேண்டியது எப்போது எரிகிறது என்பது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று நொடி நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீலைச் சந்தேகப்படலாம்: ராத்திரியில் மேலே ஹெட்டில் இருந்த ஆயில் வால்வு தண்டு வழியாகச் சொட்டி உள்ளே இறங்கியிருக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம், ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போதெல்லாம் புகை வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். நம் ஊரில் இதற்கு நல்ல சோதனைத்தளம் மலைப்பாதைதான். குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வருகிறீர்கள் அல்லவா, அந்த நேரம் முழுக்க காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருக்கிறது, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்) வெற்றிடம் கடுமையாக இருக்கிறது, எங்கே இடுக்கு இருந்தாலும் அது ஆயிலை உறிஞ்சும். கீழே கல்லாறு தாண்டிச் சமதரை வந்ததும் மிதித்துப் பாருங்கள், பின்னால் வரும் நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மிதியில் நீல மேகம் ஒன்று கிளம்பி அப்புறம் சுத்தமாகிவிட்டால் வால்வு சீல், அல்லது வால்வு தண்டு ஓடும் குழாயான வால்வு கைடு. தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ரிங். இது நூற்றுக்கு நூறு பிடிபடும் முறை இல்லை, ஆனால் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லிவிடும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், ஆயிலுக்குச் சம்பந்தமில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும், அது வேறு விஷயம்.

இனி, எல்லோரும் தாண்டிப் போகிற பிசிவி வால்வு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் எரிந்த வாயு கீழே சேம்பருக்குள் போகும், புது எஞ்சினிலும் போகும். அதை வெளியே விட்டால் காற்று மாசு, அடைத்து வைத்தால் சீல்களைத் தள்ளிவிடும், அதனால் அதை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பி எரிக்கிறார்கள். அந்த வழியில் காவலுக்கு இருப்பதுதான் இந்த வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், இன்டேக் வெற்றிடம் வாயுவோடு ஆயில் ஆவியையும் சேர்த்து இழுத்துக் குடித்துவிடும். அடைத்துக்கொண்டால் சேம்பரில் அழுத்தம் ஏறி, ரிங்கும் சீல்களும் ஆயிலைத் தடுக்க முடியாமல் திணறும். இரண்டிலும் ஆயில் குறையும், இரண்டையும் பார்த்து "ரிங் போச்சு" என்பார்கள். தனி வால்வாக இருக்கும் வண்டிகளில் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே குண்டு ஓடுவது போல டக் டக்கென்று கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் சிக்கியிருக்கிறது. சில எஞ்சின்களில் இது டேப்பட் கவருக்குள்ளேயே ரப்பர் டயஃப்ரமாக இருக்கும், அதில் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: மூடி கழற்றவே முடியாமல் உள்ளே இழுத்துப் பிடித்தால், அல்லது விசில் சத்தம் வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. மாறாக மூடியைத் திறந்ததும் புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் ஒன்று பிசிவி அடைப்பு, இல்லையென்றால் ரிங் வழியாக வாயு அதிகம் வருகிறது. புது வால்வு போட்டு மறுபடி பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

வால்வு சீல் என்பது சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் தொப்பி. வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, புதிதில் மெத்தென்று இருந்தது பிளாஸ்டிக் போல விறைத்துவிடும், பழையதை இரண்டு விரலில் வைத்து அழுத்தினால் வளையாமல் உடையும். இதை மாற்ற ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. ப்ளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி மேலிருந்தே மாற்றலாம். கருவியும் பொறுமையும் உள்ள மெக்கானிக் செய்வார். கைடே தேய்ந்து வால்வு ஆடினால் மட்டும் ஹெட் லேத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இப்போது ரிங்குக்கு வருவோம், நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். பிஸ்டனில் மூன்று ரிங். மேலே இரண்டும் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைப் பிடிப்பவை. மூன்றாவதுதான் ஆயில் ரிங், அதுவே மூன்று துண்டு: மேலும் கீழும் தகடு போல இரண்டு மெல்லிய வளையம், நடுவில் அவற்றை வெளியே தள்ளும் அலைஅலையான ஸ்பிரிங். இந்தத் தகடுகள் சுவரிலிருந்து வழிக்கிற ஆயில், பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத் திரும்பிச் சேம்பருக்கு இறங்க வேண்டும். ஆயில் குடித்த எஞ்சினிலிருந்து வந்த பிஸ்டனை மேஜையில் வைத்து நகத்தால் அந்த ரிங்கை அழுத்திப் பாருங்கள். நல்லதாக இருந்தால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வரும். இது அசையாது. ஸ்பிரிங்கின் இடுக்கெல்லாம் கறுப்பாக அடைத்து இறுகியிருக்கும், துளைகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது, ஊசியால் குத்தினால் பொருபொருவென்று கரி உதிரும். அதாவது பல நேரங்களில் ரிங் தேய்ந்து போகவில்லை, சிக்கிப் போயிருக்கிறது. இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் நாற்பதாயிரம் நிற்கிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சின், அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையிலான கேம்ரிகளில் வந்தது. நம்பகத்துக்குப் பேர்போன கம்பெனி, ஆனாலும் ஆயில் ரிங் பகுதியில் கரி அடைத்து, வண்டிகள் ஆயில் குடிக்க ஆரம்பித்தன. கடைசியில் கம்பெனியே வாரண்டியை நீட்டி, டீலரிடம் ஆயிலை நிரப்பி 1,200 மைல் ஓட்டிப் பார்த்து, ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்தால், அதாவது சுமார் 1,900 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போல, மாற்றியமைத்த பிஸ்டனும் ரிங்கும் போட்டுக்கொடுத்தது. கவனியுங்கள், அவர்களும் முதலில் அளந்தார்கள். 2015-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2010 முதல் 2014 வரையிலான மாடல்களை ஆராய்ந்தபோது ஆடி, பிஎம்டபிள்யூ, சுபாரு கம்பெனிகளின் சில எஞ்சின்கள் புதிதாக இருக்கும்போதே ஆயில் அதிகம் எரிப்பதாகத் தெரிந்தது. மைலேஜுக்காக உராய்வைக் குறைக்க ரிங்கின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், ஆயிலையும் மெல்லியதாக்குகிறார்கள். அதனால் இப்போதைய எஞ்சினுக்குச் சகிப்புத்தன்மை குறைவு, ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் உடனே வட்டி கேட்கும்.

ரிங் தேயாமல் சிக்கிப்போவதால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட் நம்மை ஏமாற்றிவிடும். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ப்ளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அருமையான சோதனை, ஆனால் கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் இரண்டு ரிங்தான். ஆயில் ரிங் முழுக்கச் சிக்கியிருந்தாலும் கம்ப்ரஷன் அழகாக வரும். ஆகவே கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்றால் "ரிங் நன்றாக இருக்கிறது" என்று அர்த்தமில்லை, "போர் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது" என்று அர்த்தம். அது உங்களுக்கு நல்ல செய்தி. கழற்றிய ப்ளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் ஈரமாக, அல்லது சாம்பல் படிந்து மற்றவற்றோடு சேராமல் இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்தான்.

டர்போ வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால் உள்ளே லேசாக எண்ணெய்ப் பசை இருப்பது சகஜம், ஊற்றினால் வழிகிற அளவு தேங்கியிருந்தால் டர்போ சீல் அல்லது ஆயில் ரிட்டர்ன் பைப் அடைப்பு. டீசலில் டர்போ சீல் முழுக்கப் போனால் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். அந்த நேரத்தில் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். பிஎஸ்-6 டீசலில் இன்னொரு கவலை, எரிந்த ஆயிலின் சாம்பல், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்-இல் தங்கிவிடும். கரியை அது தானாக எரித்துக்கொள்ளும், சாம்பலை எரிக்க முடியாது. அதனால் அந்த வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் ஆயிலைத் தவிர வேறு எதுவும் ஊற்றக்கூடாது.

தடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் முக்கால்வாசி ஆயில் மாற்றும் இடைவெளிதான். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று கையேட்டில் இருக்கும், அதே கையேட்டின் வேறொரு பக்கத்தில் கடுமையான பயன்பாட்டுக்குப் பாதி என்றும் இருக்கும். குறைந்த தூரம், நெரிசல், தூசி, கடும் வெயில், இவைதான் அந்தக் கடுமையான பயன்பாடு. சென்னையிலோ கோவையிலோ ஆபீஸ் போய்வரும் கார் எல்லாமே அதில் அடங்கும். ஏசி போட்டு ஐட்லிங்கில் நிற்கும் ஒரு மணி நேரம் ஓடோமீட்டரில் ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டிருக்கும். பள்ளி வாசலில், கல்யாண மண்டபத்துக்கு வெளியே, டிரைவர் தூங்க ஏசி ஓடும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். நகரத்துக்குள் ஓடும் பெட்ரோல் காருக்கு 5,000-லிருந்து 7,000-க்குள் மாற்றிவிடுங்கள் என்பதே என் யோசனை. ஒரு ஆயில் மாற்றத்தை மிச்சம் பிடித்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

எந்த ஆயில் என்பதில் கையேடுதான் முதல் வார்த்தை, 0டபிள்யூ-20 என்ற மெல்லிய தரம் போட்டிருந்தால் அதைக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆக்கிவிடாதீர்கள். கெட்டி ஆயில் போட்டால் குறைவது கொஞ்ச நாள் மட்டுப்படும், உண்மைதான், ஆனால் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி பாகங்களும் சின்ன ஆயில் பாதைகளும் அந்தக் கெட்டிக்காகச் செய்யப்பட்டவை இல்லை. கையேட்டிலேயே இரண்டு மூன்று தரம் அனுமதித்திருந்தால், வயதான எஞ்சினுக்கு அதில் ஒரு படி கெட்டியானதை எடுங்கள், அதில் தவறில்லை. ஒரே தரத்திலும் ஆயிலுக்கு ஆயில் ஆவியாகும் அளவு மாறும். நோஆக் என்று ஒரு சோதனை, 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பது. இப்போதைய பெட்ரோல் ஆயில் தரங்கள் 15 சதவீதம் வரை விடுகின்றன. கம்பெனி வெளியிடும் தகவல் தாளில் இந்த எண் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், குறைவானது உங்களுக்கு நல்லது. போலி ஆயிலும் சந்தையில் நிறைய, தெரிந்த கடையில் வாங்குங்கள், காலி கேனை அறுத்துவிட்டுப் போடுங்கள், அது மறுபடி நிரப்பப்பட்டு வேறு யாருக்காவது போகக்கூடாது.

ரேடியேட்டரை மறக்காதீர்கள். கூலண்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை, அந்த உப்புப் படிந்து எஞ்சின் சூடு ஏறி, ஒரே ஒருமுறை ஓவர்ஹீட் ஆனாலும் ரிங்கின் துள்ளலும் வால்வு சீலின் மென்மையும் போய்விடக்கூடும். உங்கள் வண்டி செகண்ட்ஹேண்டாக வாங்கியது என்றால், எஞ்சின் எப்போதாவது சூடாகி வழியில் நின்றதா என்று பழைய உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள், பல நேரம் பதில் அங்கேதான் இருக்கும். அப்புறம் ஏர் ஃபில்டர். எம்-சாண்ட் லாரி ஓடும் சாலையிலும் குவாரி பக்கமும் ஓடுகிற வண்டிக்குச் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டும், ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று சரியாக மாட்டாமல் இருந்தாலே போதும், அந்த மண்துகள் போரைத் தேய்த்துவிடும். கரியால் சிக்கிய ரிங்கை மீட்கலாம், மண் தேய்த்த போரை எஞ்சினைப் பிரிக்காமல் மீட்க வழியில்லை.

மேல்கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் தவறு, கிராங்க் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கி பிசிவி வழியாக இன்டேக்குக்குத் தள்ளிவிடும், அதையும் எரித்துவிட்டு வண்டி ஆயில் குடிக்கிறது என்போம். டாஷ்போர்டில் வரும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது பெரும்பாலான கார்களில் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்வது. அது எரியும்போது பம்புக்கு இழுக்க ஆயில் இல்லை, பேரிங்குகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்ற யோசனையே வேண்டாம், அந்த நொடியே ஓரங்கட்டி அணையுங்கள். ஆயில் குறையும் வண்டிகள் சாவது புகையால் இல்லை, இந்த விளக்கு எரியும் வரை பார்க்காமல் ஓட்டுவதால்தான். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் விற்கும் "புகை நிறுத்தும்" மருந்துகளில் பெரும்பாலானவை ஆயிலைக் கெட்டியாக்குபவை, ஆயில் மாற்றும் வரைதான் அந்தப் பலன். ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து மென்மையாக்கும் வகை வால்வு சீலுக்குச் சில மாதம் உதவலாம். எஞ்சின் ஃப்ளஷ், உள்ளே சுத்தமாக உள்ள வண்டிக்குத் தேவையில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் களிபோல அப்பியிருக்கும் வண்டிக்கு ஆபத்து, ஒரே நேரத்தில் பெயர்ந்து வரும் கசடு சேம்பரில் உள்ள ஸ்ட்ரெய்னரை (ஆயிலை உறிஞ்சும் இடத்துச் சல்லடை) அடைத்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு நல்ல சிந்தெடிக் ஆயிலை 2,000, 3,000 கிலோமீட்டரிலேயே இரண்டு மூன்று முறை ஃபில்டரோடு மாற்றுவது மெதுவான, பத்திரமான வைத்தியம். சிக்கிய ரிங்குக்கு ப்ளக் துளை வழியாகக் கரி கரைப்பான் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைக்கும் முறை ஒன்று உண்டு. சிலர் டீசல் ஊற்றுவார்கள், இறுகிய கரி டீசலுக்கு அவ்வளவாக இளகாது. எதை ஊற்றினாலும், காலையில் ப்ளக் மாட்டுவதற்கு முன் எஞ்சினைச் சுழற்றி உள்ளே நிற்பதை முழுக்க வெளியேற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் பிஸ்டனுக்கு மேல் திரவம் நின்று கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். ஆயிலையும் அன்றே மாற்ற வேண்டும். இது எல்லா வண்டிக்கும் பலிப்பதில்லை, ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருந்து ஆயில் மட்டும் போகும் வண்டிக்கு எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் ஒருமுறை முயலத் தகுந்தது.

எல்லாம் பார்த்த பிறகும் ஆயில் குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா? 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைப்போம். வருடத்துக்கு ஆறு லிட்டர். லிட்டர் 500 ரூபாய் என்றாலும் 3,000 ரூபாய். நாற்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் பதின்மூன்று வருட ஆயில். 12 வயதைத் தாண்டிய காருக்கு நான் ஊற்றிக்கொண்டே ஓட்டத்தான் சொல்வேன், டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் இருக்கட்டும். இதற்கு மறுபக்கம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதன் மேல் படிந்து மெல்ல மெல்ல வேலை செய்யாமல் ஆக்கும், அது விலை உயர்ந்த பொருள். 1,000-க்கு அரை லிட்டர் என்ற நிலைக்கு மேல் போனால் பொறுத்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை.

அப்போது எஞ்சினைப் பிரிப்பதாக இருந்தால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். புது ரிங் வாங்குவதற்கு முன் போரை மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். முட்டை வடிவமாகத் தேய்ந்த போருக்குள் வட்டமான புது ரிங் போட்டால் கொஞ்ச காலத்தில் மறுபடி அதே கதை. வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் (சுவரை லேசாகத் தீட்டுவது) மட்டும், தாண்டியிருந்தால் லேத்தில் போரைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன். பழைய பிஸ்டனையே போடுவதாக இருந்தால் ஆயில் துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்து நீங்களே பாருங்கள். ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும், பிஸ்டனில் மாட்டும்போது அந்த இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் வராமல் பிரித்து வைக்க வேண்டும், அடையாளம் போட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். பிரித்த கையோடு வால்வு சீலையும் பிசிவியையும் மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

வேலை முடிந்து வண்டி வந்த பிறகு, முதல் 1,000 கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்டினால் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது தவறு. ரிங் போரில் உட்கார எரியும் அழுத்தம் வேண்டும். முதல் நாளே 120-ல் விரட்ட வேண்டாம், அதே சமயம் ஐட்லிங்கில் நிறுத்தியும் வைக்க வேண்டாம், ஒரே வேகத்தில் பைபாஸில் மணிக்கணக்காகவும் போக வேண்டாம். மிதமாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து இறக்கி, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 1,000-ல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதுவரை கொஞ்சம் ஆயில் குறையத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். புது ஆயில் ஊற்றி மேல்கோட்டில் நிறுத்திய அந்த ஓடோமீட்டர் எண்ணிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பியுங்கள், வேலை சரியாக நடந்ததா என்பது அடுத்த 2,000-க்குள் தெரிந்துவிடும்.